கப்சாய் ஸ்டார்ட் ஆகவில்லையா? பொருள் வாங்கும் முன் வரிசையாகச் சோதியுங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கால் சோர்ந்தும் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால், பலருக்கு அது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. தோட்டத்தில் இருப்பவர் பெரட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கிள்ளான் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு ஷிப்ட் தவறிவிடும். ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதன் பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனால் அங்கே வேறு ஒரு செலவு காத்திருக்கும்.

அந்தச் செலவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வளர்கிறது. முதலில் பிளக் மாற்றுவார்கள். சரியாகாது. பிறகு பேட்டரி, சிடிஐ, கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் பிளக் மூடிக்குள் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும், அல்லது வால்வு இடைவெளி கூடியோ குறைந்தோ இருந்திருக்கும். பழைய வண்டியில் பழுதைக் கண்டுபிடிக்கப் பணத்தைவிட வரிசைதான் முக்கியம். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று தெரிந்தால், பாதிப் பழுதுகளை வீட்டு வாசலிலேயே சரி செய்யலாம். மீதியைப் பட்டறைக்காரரிடம் தெளிவாக எடுத்துச் சொல்லலாம்.

நம் கைக்கு வந்த வண்டிகள்

ஹோண்டா நிறுவனம் 1958-இல் ஜப்பானில் சூப்பர் கப் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அதே காலக்கட்டத்தில் பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் டான்ஸ்ரீ லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டிற்குக் கொண்டு வந்தார். 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்ற சீனச் சொல்லும் சேர்ந்து 'கப்சாய்' ஆனது. இன்று எந்த நிறுவனத்தின் சிறிய வண்டியாக இருந்தாலும் நாம் அதைக் கப்சாய் என்றுதான் சொல்கிறோம்.

சி70-க்குப் பிறகு, 1987-இல் இஎக்ஸ்5 வந்தது. கெடா, குருணில் தொழிற்சாலை கொண்ட மொடெனாஸ் நிறுவனம் 1996-இல் கிரிஸ் வண்டியை வெளியிட்டது. இளைஞர்கள் தேடி வாங்கிய யமஹா ஆர்எக்ஸ்இசட் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

இவற்றில் கார்புரேட்டர் உண்டு. உதைத்து ஸ்டார்ட் செய்யும் வசதியும் உண்டு. கணினிப் பெட்டி கிடையாது. அதனால்தான் சில எளிய கருவிகளை வைத்தே பழுதைத் தேட முடிகிறது. பிளக் ஸ்பேனர், திருப்புளி, ஃபீலர் கேஜ், மலிவான மல்டிமீட்டர் ஆகியவை போதும்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓட மூன்று தேவை. காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல் உள்ளே வர வேண்டும். பிஸ்டன் அதை நன்றாக அழுத்த வேண்டும். அழுத்திய நொடியில் தீப்பொறி விழ வேண்டும். மூன்றும் சரியான நேரத்தில் நடந்தால் வண்டி ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் இவற்றில் ஏதோ ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அது தெரியும் வரை எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம்.

முதல் இரண்டு நிமிடம்

கருவியைக் கையில் எடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

டாங்கியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய வண்டியின் முள்ளை நம்ப வேண்டாம். பெட்ரோல் திறப்பு உள்ள வண்டியில் அது மூடியிருக்கிறதா, ரிசர்வில் வைக்க வேண்டுமா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உள்ள வண்டியில் யாராவது அதை அழுத்தி வைத்திருக்கலாம். அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் நிறுத்தும் வண்டிகளில் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்திவிடுவது உண்டு.

சோக் இழுத்தீர்களா என்றும் கவனியுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோக் வேண்டும். ஓடிச் சூடாக இருக்கும் எஞ்சினுக்குச் சோக் இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி நிரம்பிவிடும்.

காலில் தெரியும் செய்தி

சாவியை அணைத்துவிட்டு, உதைக்கும் கம்பியைக் கையாலோ காலாலோ மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். பிஸ்டன் காற்றை அழுத்துவதால் வரும் எதிர்ப்பு அது.

எதிர்ப்பே இல்லாமல் கம்பி லேசாக இறங்கினால், அழுத்தம் இல்லை அல்லது உதையின் பல்சக்கரமோ கிளட்சோ நழுவுகிறது. புகைக்குழாயில் 'புஸ்' என்று காற்று வருகிறதா என்று கேளுங்கள். காற்று வந்தால் பிஸ்டன் நகர்கிறது. அழுத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். காற்றே வரவில்லை என்றால் உதை எஞ்சினைச் சுற்றவில்லை.

எதிர்ப்பு வழக்கம்போல் இருந்தால் தீப்பொறிக்கும் பெட்ரோலுக்கும் போகலாம்.

பிளக் சொல்லும் கதை

இரண்டையும் பிரித்துக் காட்டுவது பிளக்தான். பத்து முறை உதைத்தவுடன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் இதற்கு 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் வேண்டும்.

நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வந்தும் எரியவில்லை அல்லது அளவுக்கு மீறி வந்திருக்கிறது. கரிப்பொடி போலக் கறுத்திருந்தால் காற்று குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், சோக் மூடியே இருக்கலாம். கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது. பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். நன்றாக ஓடும் எஞ்சினின் பிளக் வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும்.

தீப்பொறிச் சோதனை

பெட்ரோல் திறப்பை மூடிவிட்டு, சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். அருகில் சிகரெட் வேண்டவே வேண்டாம்.

கழற்றிய பிளக்கை அதன் மூடியில் மாட்டி, பிளக்கின் உலோக உடலை எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வையுங்கள். பிளக் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். கையால் பிளக்கின் உலோகத்தைத் தொடவும் கூடாது, மின்சாரம் உதைக்கும். சாவியைப் போட்டு வேகமாக உதையுங்கள்.

நீல நிறத்தில் 'டிக்' என்ற சத்தத்தோடு பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக, விட்டுவிட்டு வந்தால் பொறி பலவீனமாக இருக்கிறது. பொறியே இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வேறொரு நல்ல பிளக்கைப் போட்டுப் பாருங்கள். இஎக்ஸ்5-க்குப் பொதுவாகப் பயன்படுவது என்ஜிகே சி6எச்எஸ்ஏ அல்லது சி7எச்எஸ்ஏ. நுனி இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்.

அடுத்து பிளக் மூடி. பெரும்பாலான மூடிகளைத் திருகினால் வயரிலிருந்து கழன்று வரும். வயரின் முனையில் பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீண்டும் திருகுங்கள். மூடியில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். அதிக விலையில்லாத பொருள்தான்.

பிறகு காயிலுக்கும் சிடிஐ பெட்டிக்கும் போகும் இணைப்புகளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்தாலும் பொறி வராது. சாவி சுவிட்சுக்குள் ஈரம் இறங்குவதும் அடிக்கடி நடப்பதுதான். பட்டறையில் சுவிட்ச் இணைப்பை விலக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகே காயில், பல்சர், சிடிஐ ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சிடிஐயை வாங்கும் முன் ஓடுகிற அதே ரக வண்டியின் சிடிஐயை மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சி70 போன்ற மிகப் பழைய வண்டிகளில் சிடிஐ இல்லை. பிளாட்டினம் என்று நாம் சொல்லும் பாயிண்ட் இருக்கும். அதன் முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வருமாறு வையுங்கள். தேய்த்த சில நாட்களிலேயே மீண்டும் கருகினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

பேட்டரி செத்தால் வண்டி ஓடாதா?

இதில் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். பல பழைய கப்சாய்களில் பொறிக்கான மின்சாரத்தைப் பேட்டரி தருவதில்லை. எஞ்சினுக்குள் சுற்றும் காந்தமும் காயிலும் தருகின்றன. அப்படிப்பட்ட வண்டியில் ஹார்ன் அடிக்காவிட்டாலும், சிக்னல் எரியாவிட்டாலும், உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். அதற்குப் புதிய பேட்டரி போட்டாலும் ஸ்டார்ட் பிரச்சினை தீராது.

பேட்டரியிலிருந்தே பொறிக்கு மின்சாரம் எடுக்கும் வண்டிகளும் உண்டு. மல்டிமீட்டரில் பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது முடுக்கினால் 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. புதிய பேட்டரியும் சில நாட்களில் இறங்கிவிடும்.

பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ள பியூஸையே போடுங்கள். சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ வைத்து ஓட்டினால் வயர் முழுவதும் எரியும்.

பெட்ரோல் வருகிறதா?

பொறி நன்றாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு சோதனை செய்யலாம். பிளக் துளைக்குள் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகப் பெட்ரோல் விட்டு, போத்தலை மூடித் தூரமாக வைத்து, சிந்தியதைத் துடைத்து, பிளக்கைப் பூட்டி உதையுங்கள். சில நொடி ஓடி நின்றால் பொறியும் அழுத்தமும் சரி. பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறிய வடிதிருகு இருக்கும். ஒரு கண்ணாடி டப்பாவைப் பிடித்து அதைத் தளர்த்துங்கள். பெட்ரோல் வராவிட்டால் அடைப்பு அதற்கு மேலே, குழாயிலோ வடிகட்டியிலோ டாங்கியிலோ இருக்கிறது. டாங்கி மூடியைத் திறந்தவுடன் வரத் தொடங்கினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சில நூறு மீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் விட்டால் மீண்டும் ஓடும் வண்டிகளில் இதை முதலில் பாருங்கள்.

டப்பாவின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தெரிந்தால் டாங்கியையும் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோல் நிறம் மாறி, வார்னிஷ் போல் வாடை அடித்தால் அது பழசு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் கார்புரேட்டரின் சின்ன ஜெட்டை அடைத்துவிடும். ஸ்டார்ட் செய்வதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் அந்த ஜெட்டுதான் வழி.

ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும். பக்கத்தில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றும் முன், அதை முழுவதும் மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கு வேண்டும்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வெளியே வழிந்தால் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கிறது அல்லது ஊசி தேய்ந்துவிட்டது. எஞ்சின் பெட்ரோலால் நிரம்பிவிட்டால் சோக்கை விலக்கி, முடுக்கியை முழுவதும் திறந்து வைத்துச் சில முறை உதையுங்கள். அதிகப் பெட்ரோல் வெளியேறிவிடும்.

அழுத்தம் குறைந்தால்

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனாலும் காலையில் நாற்பது உதை வேண்டியிருக்கிறது என்றால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். எளிதாகச் சரி செய்யக்கூடிய இதைப் பல பட்டறைகளில் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இடைவெளி குறைந்து, வால்வு முழுவதும் மூடாமல் போகிறது. அழுத்தம் அந்த வழியாகக் கசிகிறது. இஎக்ஸ்5-க்கு இரண்டு வால்விலும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அழுத்தி மேலே வந்து நிற்கும் நிலையில், சக்கரத்தின் 'டி' குறி நேராக இருக்க அளக்க வேண்டும். அந்த நிலையில் இரண்டு ராக்கர் கைகளும் சற்றுத் தளர்ந்திருக்கும். தளரவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையா? பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, சில முறை மெதுவாக உதைத்துப் பாருங்கள். எதிர்ப்பு கூடினால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இது தெரிந்தால் எந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரியும்.

இந்த வால்வுக் கணக்கு ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குப் பொருந்தாது. அவற்றில் கிராங்க் சீல் கசிவு, ரீட் வால்வு உடைவு, புகைக்குழாயில் கரி அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மழையும் வெள்ளமும்

மழையில் மட்டும் அல்லது வண்டி கழுவிய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக் மூடி, வயர், சாவி சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். இருட்டில் எஞ்சினை உதைத்தால் விரிசல் விட்ட வயரின் மேல் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

வெள்ளம் வேறு. 2021 டிசம்பர் 18-இல் பெய்த அடைமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான், உலு லங்காட் பகுதிகளில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியை 'ஓடுகிறதா பார்க்கலாம்' என்று உதைக்கவே கூடாது. தண்ணீர் அழுத்தத்திற்கு அடங்காது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, மெதுவாக உதைத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் எண்ணெயை வடித்துவிடுங்கள். அது தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டாங்கி, கார்புரேட்டர், காற்று வடிகட்டி எல்லாவற்றையும் காலி செய்து உலர்த்துங்கள். புதிய எண்ணெய் ஊற்றி, பேட்டரி வயரைப் பூட்டிச் சில நிமிடம் ஓட்டிவிட்டு மீண்டும் வடியுங்கள். எண்ணெய் தெளிவாக வரும் வரை இப்படி மாற்ற வேண்டும். கடையில் மினியாக் ஹீத்தாம் என்று வாங்கும் அந்த எண்ணெய்க்கு ஆகும் செலவு, கிராங்க் மாற்றும் செலவுக்கு ஈடாகாது. சாலையில் ஓட்டும் முன் பிரேக்கையும் பிரித்து உலர்த்திச் சோதியுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் தொடக்கத்திலிருந்து தேட வேண்டும். "பொறி நீலமாக வருகிறது, பிளக் காய்ந்திருக்கிறது, உதையில் எதிர்ப்பு இருக்கிறது" என்று சொன்னால் அவர் நேராகக் கார்புரேட்டருக்குப் போவார். உங்களுக்கு நேரமும் கூலியும் மிச்சம்.

மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றால் அதற்கு முன் அழுத்த மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நிறுத்தி வைக்கும் வண்டிக்கு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் தோட்டத்து வீடுகளிலும் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகள் பல. வாரம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் பேட்டரியும் கார்புரேட்டரும் கெடாது. ஒரு மாதத்திற்கு மேல் நிற்கும் என்றால் பெட்ரோல் திறப்பை மூடி, கார்புரேட்டரை வடித்து வையுங்கள். மூடிய அறையிலோ கீழ்த்தளத்திலோ எஞ்சினை ஓடவிட வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாடை இல்லாமலே உயிரைப் பறிக்கும்.

இருக்கைக்கு அடியில் ஒரு நல்ல பிளக்கும், பிளக் ஸ்பேனரும், ஒரு துணியும், ஒரு பியூஸும் எப்போதும் இருக்கட்டும். அதிகாலையில் வழியில் வண்டி நின்றாலும் இந்த நான்கையும் வைத்துப் பல பழுதுகளைச் சமாளித்து, பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம்.